பலசி படுத்த இடம்

செவெரின் சொல்லும் கதைகளில் பாதி பொய் என்று, குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகும் வடகோடி ஊரான இதின்னெக்கில் எல்லோருக்கும் தெரியும். மீதிப் பாதியை அவர் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை என்பது பக்கத்து வீட்டுச் சகேயுவின் கருத்து.

இருப்பதிலேயே பெரிய பொய், அவருடைய சறுக்கு வண்டி நாய்களுக்கு முன்னால் ஓடி வழிகாட்டும் முன்னோடி நாயைப் பற்றியது. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. அதனால் பலசி, அதாவது பாதிரியார், என்று பெயர் வைத்தார். ஊர்ப் பாதிரியார் கேள்விப்பட்டு ஒருநாள் நேரிலேயே வந்து பார்த்துவிட்டு, "பட்டை என்னைவிட இவனுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த நாய்க்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்று செவெரின் சொல்வார். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

பலசிக்கு ஒரு கெட்ட பழக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்த கடல்மேல் பொத்தென்று படுத்துவிடும். பின்னால் விசிறிபோல விரிந்து வரும் பதினோரு நாய்களும் அதன்மேல் வந்து விழுந்து, கயிறெல்லாம் சிக்கிப் போகும். முதல்முறை இது நடந்தபோது வண்டியில் இரண்டு ஜெர்மன் வாத்தியார்கள் இருந்தார்கள். முன்னோடி நாய் நடுவழியில் படுத்துவிட்டது என்றால் வண்டிக்காரனுக்கு அதைவிட மானக்கேடு இல்லை. கால்சட்டை அவிழ்ந்து விழுந்தால்கூடக் குளிரின்மேல் பழி போடலாம். செவெரின் யோசிக்கவே இல்லை, வாயைத் திறந்தார்.

"இங்க பனி மெல்லிசு. நம்ம உயிரைக் காப்பாத்திட்டான்" என்றார்.

சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே. நீளக் கம்பின் நுனியில் இரும்பு உளி வைத்த பனிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான்கு இடத்தில் குத்தினார். தலையைச் சோகமாக ஆட்டினார். வண்டியைப் பத்தடி தள்ளி வேறு பக்கமாகத் திருப்பினார். ஊர்த் தேவாலயத்தை மணியோடு தூக்கி வைத்தாலும் தாங்குகிற பனி அது. கடைசியில், நாடகம் முழுமையாக இருக்கட்டும் என்று, பையிலிருந்து ஒரு துண்டு ஹாலிபட் மீன் கருவாட்டை எடுத்து நாய்க்குப் போட்டார். வாத்தியார்கள் இருவரும் கண் கலங்கிவிட்டார்கள்.

அதிலிருந்து வருகிற விருந்தாளியெல்லாம் அதையே கேட்டார்கள். பலசியும் விஷயத்தைப் புரிந்துகொண்டது. படுத்தால் மீன். ஒரு பயணத்துக்கு மூன்று முறை படுக்கும்; மூன்றாவது எப்போதும் படமெடுக்க நல்ல வெளிச்சமுள்ள இடமாகவே அமையும்.

சகேயு மட்டும் ஒருமுறை சொன்னார். "டேய், அந்தப் பனிக்கோலு வெளையாட்டுச் சாமான் இல்லடா."

"உன் நாய் படுத்தா தெரியும் ஒனக்கு" என்றார் செவெரின்.

இப்படி ஒன்பது குளிர்காலம் போயிற்று. பத்தாவது குளிர்காலம் கடல் உறைய மறந்துவிட்டது.

டிசம்பரில் உறையவில்லை. ஜனவரியில் மேலே ஏடு படிந்தது, காற்று வந்து அதையும் உடைத்துத் தின்றுவிட்டுப் போனது. பனி இல்லையென்றால் ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்க முடியாது. சீல் வேட்டை இல்லை. சறுக்கு வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் விருந்தாளியும் இல்லை. ஆனால் நாய்க்கு வயிறு உண்டு. டிசம்பரில் ஒரு காலைப்பொழுது சகேயு தன் நாய்களில் ஆறை அவிழ்த்துப் பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஆறு வெடிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் ஒரு வாரம் யார் வீட்டுக்கும் காப்பி குடிக்கப் போகவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படிப் போய் வந்தார்கள். யாரும் யாரையும் எத்தனை என்று கேட்கவில்லை. சத்தத்தை எண்ணத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை.

செவெரின் மட்டும் போகவில்லை. மீன் கம்பெனிக் குப்பையில் தலையும் குடலும் பொறுக்கினார். வீட்டு உறைபெட்டியில் இருந்த சீல் இறைச்சி முழுவதும் நாய்களுக்குப் போனது.

"இந்த வீட்ல நாய்க்குப் போக மிச்சம்தான் மனுசனுக்கு" என்றாள் அவர் மனைவி பிபியானே. "ஏன்யா, ஆறை அனுப்பிடு. மத்த ஆறாவது வயிறாரத் தின்னும்."

"எந்த ஆறு? நீயே சொல்லு."

அவள் எழுந்து சன்னலுக்குப் போய், வெளியே பாறைமேல் சங்கிலியில் சுருண்டு கிடந்த பன்னிரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வந்து பின்னலை எடுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் கடல் ஒருவழியாக உறைந்தது. பத்து நாளில் பனி வண்டி தாங்கும் அளவுக்கு இறுகியதும் விடுதி நடத்தும் டென்மார்க்காரி லிஸ்பெத் கூப்பிட்டாள்.

"செவெரின், ஒரு விருந்தாளி இருக்காரு. தோர்கில்னு பேரு, பல் டாக்டர். உங்க நாயைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்காரு. இவரைத் திருப்தியா திருப்பி அனுப்பினீங்கன்னா பின்னாடி எட்டுப் பேர் வர்றதாச் சொல்றாரு. எல்லாரும் பல் டாக்டருங்க."

"எட்டுப் பேருக்குக் கூலியா எத்தனை மூட்டை நாய்த் தீனி?"

"வழக்கம்போல ஆளுக்கு ரெண்டு. ஆனா இவரு திரும்பி வந்து சரின்னு சொன்னாத்தான்."

செவெரின் போனை வைத்துவிட்டு விரலை மடக்கிப் பார்த்தார். பதினாறு மூட்டை. மே மாதம் பனி உடையும்வரை பன்னிரண்டு நாயும் பிழைத்துக்கொள்ளும். ஒரு பல் டாக்டரைச் சிரிக்க வைத்தால் போதும்.

*

தோர்கில் நல்ல மனிதர், ஆனால் பெரிய மனிதர். அவர் ஏறி உட்கார்ந்ததும் சறுக்கு வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. குளிர் ஏறக்கூடாதென்று பிபியானே அவரைக் கலைமான் தோல் பைக்குள் கால் முதல் நெஞ்சுவரை திணித்து, முன்பக்கம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"குழந்தையைத் துணில சுத்தற மாதிரி இருக்கும்மா" என்றார் அவர்.

"குழந்தைன்னா ஒத்தைக் கையால தூக்கிருவேன்" என்றாள் பிபியானே.

இரண்டு நாள் பயணம். பியோர்டு என்கிற கடல் கிளையைக் குறுக்கே கடந்து, அக்கரையில் உள்ள வேட்டைக் குடிசையில் தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். நடுவே ஒரு பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே நீரோட்டம் ஓயாமல் ஓடும். மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும் அடியிலிருந்து பனியை நக்கிக்கொண்டே இருக்கும். போகும்போது செவெரின் முனையைவிட்டு வெகுதூரம் வெளியே தள்ளி, சுற்றி ஓட்டினார். அது எப்போதும் செய்வதுதான். கூட ஒரு மணி நேரம் ஆகும்.

சுற்றிப்போன அந்த வழியில் பலசி முதல்முறையாகப் படுத்தது. செவெரின் பனிக்கோலோடு போய்க் குத்தித் தலையை ஆட்டி, மீனைப் போட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் கதையை ஆரம்பித்தார்.

"டாக்டர், பத்து வருசம் முன்னாடி ஒரு பிஷப் இந்த வழியா வந்தாரு. இதே மாதிரி இவன் படுத்துக்கிட்டான். 'நாய்க்கு என்ன தெரியும்'னு பிஷப் எறங்கி முன்னால நடந்தாரு. அவரோட தொப்பி மட்டும்தான் கரை சேந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தத் தொப்பிதான் பண்ணுச்சு. வழக்கத்தைவிடச் சுருக்கமா இருந்துச்சுன்னு ஊரே சந்தோசப்பட்டுச்சு."

தோர்கில் சிரித்த சிரிப்பில் தோல் பை குலுங்கியது. செவெரின் மனதுக்குள் மூட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

குடிசையில் தோர்கில் நாயைவிட்டு நகரவில்லை. அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "பல்லெல்லாம் அருமை. எங்கிட்ட வர்றவங்க ஒருத்தருக்கும் இப்படி இல்ல" என்றார். காலையில் செவெரின் எழுந்தபோது கருவாட்டுப் பை காலியாகித் தலைகீழாகக் கிடந்தது.

"எல்லாத்தையும் போட்டுட்டீங்களா?"

"கேட்டான், குடுத்தேன். உயிரைக் காப்பாத்தறவனுக்குக் கணக்குப் பாக்க முடியுமா?"

செவெரின் காலிப் பையை உதறி மடித்து வண்டியில் வைத்தார். விருந்தாளியிடம் என்ன சொல்வது?

திரும்பும் வழியில் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. அது வெதுவெதுப்பான காற்று. பனியை இளக்கும் என்பதால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காத காற்று. வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல ஆனது. பலசி படுத்தது. எழுப்பி ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி படுத்தது. மீன் வரவில்லை என்றதும் அதற்குப் புரியவில்லை போலும். இன்னும் பொருத்தமான இடத்தைத் தேடி மறுபடி படுத்தது. ஒவ்வொரு தடவையும் கயிறு சிக்கல் எடுக்க வெறுங்கை வேண்டும். செவெரினின் விரல்கள் மரத்துப் போயின. நான்காவது முறை தோர்கில் பைக்குள்ளிருந்தே கேட்டார்.

"இங்கயும் மெல்லிசா, செவெரின்?"

"கொஞ்சம்."

"ஏன் செவெரின், உண்மையச் சொல்லுங்க. எனக்கு நாப்பது வருசமா வேலையே பொய் சொல்ற வாயப் பாக்கறதுதான். 'தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்'னு சொல்லாத ஆளு கிடையாது. உங்க நாய் நடிகன். நீங்க அவனைவிடப் பெரிய நடிகரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, ரசித்துத்தான் சொன்னார். ஆனாலும் செவெரினுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஒன்பது வருஷத்தில் விருந்தாளி யாரும் கண்டுபிடித்ததில்லை. இந்த ஆள் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போய், அந்த எட்டுப் பேரிடம் என்ன சொல்வார்?

"மீன் தின்னிப் பய" என்று சிரித்து மழுப்பினார். "சரி டாக்டர், இனிமே ஒழுங்கா ஓட்டிக் காட்டறேன்."

காற்று வலுக்குமுன் ஊர் சேர வேண்டும். முனையைச் சுற்றாமல் அதை ஒட்டியே ஓட்டினார். முந்தின வாரம் சகேயு அந்த வழியாகத்தான் போனார். ஆறு நாயோடு, ஆள் ஏற்றாமல். மேலே பனித்தூள் கணுக்கால் அளவு மூடிக் கிடந்தது. அடியில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

முனைக்கு நேரே வந்தபோது பலசி ஐந்தாவது முறை படுத்தது.

செவெரின் பனிக்கோலைப் பார்த்தார். அது வண்டியின் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில், கட்டப்பட்டிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும், பக்கத்தில் வேறு யார் இருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் அவர் இறங்கிப் போய்க் குத்திப் பார்த்திருப்பார். ஐம்பது வருஷமாக முனையோரம் அப்படித்தான் செய்தவர். ஆனால் பின்னால் தோர்கில் தொண்டையைக் கனைத்தார். அது சிரிப்பை அடக்குகிற கனைப்பு. இப்போது பனிக்கோலை எடுத்தால் அதுவும் நாடகம்தான்.

செவெரின் போய்ப் பலசியின் கயிற்றை அவிழ்த்தார். இழுத்து வந்து வண்டியின் பின்பக்கம் குட்டைக் கயிற்றில் கட்டினார். முன்னோடிக்குரிய நீளக் கயிற்றில் நானோக்கை மாட்டினார். வெள்ளை வெளேரென்று இருக்கும் இளநாய். சொன்னதைக் கேட்கும், சொல்லாததை யோசிக்காது.

"பாத்தீங்களா, வேலையில இருந்து நீக்கியாச்சு" என்றார்.

"ஓய்வூதியம் குடுப்பீங்களா?" என்றார் தோர்கில்.

"தாக், தாக்" என்று செவெரின் குரல் கொடுத்தார். சாட்டை ஒருமுறை சொடுக்கியது. பதினோரு நாயும் பாய்ந்தன. பின்னால் பலசி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, இழுபட்டே வந்தது.

நாற்பது அடி போயிருக்கும். கடல்பனி உடைவதற்கு முன்னால் சத்தம் போடாது, வளையும். செவெரின் காலடியில் அந்த வளைவை உணர்ந்தார். பனித்தூள் கண்ணெதிரே சாம்பல் நிறமானது. முதலில் நானோக், பிறகு அதன் பக்கத்தில் இருந்தவை, பிறகு எல்லாம். மேசையிலிருந்து துணியை உருவினால் பாத்திரங்கள் விழுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின. ஒரு குரைப்பும் இல்லை.

அவர் குதிகாலை ஊன்றி வண்டியைப் பின்னுக்கு இழுத்தார். வண்டியின் மூக்கு விளிம்பில் வந்து நின்றது. நின்றதே தவிர, நிலைக்கவில்லை. நாய்கள் நீந்தித் திமிறும் ஒவ்வொரு திமிறலுக்கும் ஒரு சாண் முன்னால் போனது.

"டாக்டர், உருளுங்க. பக்கவாட்டில உருளுங்க."

தோர்கில் உருளப் பார்த்தார். தோல் பை நெஞ்சுவரை கட்டியிருந்தது. கைகள் மட்டும் வெளியே. அவை வண்டியின் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. விடச் சொன்னாலும் விடுகிற நிலையில் அவர் இல்லை. "செவெரின்" என்று மட்டும் சொன்னார், யாரையோ அறிமுகம் செய்து வைப்பதுபோல.

நாய்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தால் ஏறிவிடும். நகத்தால் விளிம்பைப் பற்றி, ஒன்று ஏறினால் அது மற்றதை இழுக்கும். அப்படி ஏறியதை அவர் பார்த்திருக்கிறார். நானோக் ஏற்கெனவே இரண்டு முன்னங்காலையும் எதிர் விளிம்பில் போட்டுவிட்டது. அரை நிமிஷம் போதும். வண்டி இன்னொரு சாண் போனது. அரை நிமிஷம் இல்லை.

பதினோரு கயிறும் வண்டிக்கு முன்னால் ஒரே வாரில்தான் வந்து சேர்கின்றன. செவெரின் படுத்தவாக்கில் ஊர்ந்து போய், கத்தியை எடுத்து, அந்த வாரை அறுத்தார்.

வண்டி நின்றுவிட்டது. அறுபட்ட வார் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஒரே முடிச்சில் கட்டுண்ட நாய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு நீந்தின. ஏறப்போனதை மூழ்கியது இழுத்தது. இரண்டு மட்டும் தப்பி வந்தன. கயிற்றைக் கடித்துத் துண்டாக்கும் பழக்கத்துக்காகத் தினமும் அடி வாங்குகிற இரண்டு அவை. அன்றும் கடித்துத்தான் வைத்திருந்தன.

செவெரின் வண்டியையும் மனிதரையும் சேர்த்துக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். பலசி பின்னாலிருந்து இழுத்தது. தள்ளிக்கொண்டே இருந்தவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தோர்கில் வண்டியில் கட்டுண்டபடியே இருக்க, மூன்று நாயும் இழுக்க, அவர் தள்ள, கரையோரமாகவே ஊர் வந்து சேர்ந்தபோது பிபியானே வாசலில் நின்றிருந்தாள். நாய்களை எண்ணினாள். பிறகு தோர்கிலின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு உறைந்து போயிருந்தது, அறுக்க வேண்டியதாயிற்று.

தோர்கில் அழுதார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"சிரிக்கத்தானே காசு குடுத்து வர்றீங்க" என்றார் செவெரின்.

*

மறுநாள் காலை கூப்பிடாமலே சகேயு தன் ஆறு நாயோடு வந்து வாசலில் நின்றார். இருவரும் முனைக்குப் போனார்கள். வெளியே தள்ளி, சுற்றியே போனார்கள். செவெரின் ஐந்தடிக்கு ஒருமுறை பனிக்கோலால் குத்திக்கொண்டே வண்டிக்கு முன்னால் நடந்தார். சகேயு அவர் நடைக்கு ஏற்ப நாய்களை அடக்கி ஓட்டினார்.

காற்று இரவிலேயே திரும்பி, கடுங்குளிர் இறங்கியிருந்தது. உடைந்த இடம் மூடிவிட்டது. நானோக்கின் முன்னங்கால்களும் தாடையும் எதிர் விளிம்பில் அப்படியே உறைந்து ஒட்டியிருந்தன. அதனால்தான் மற்ற எட்டும் ஆழத்துக்குப் போகவில்லை. சுற்றிலும் வெட்டி, வாரைப் பிடித்து இருவரும் இழுத்தார்கள். நீளத் தூண்டில் கயிற்றில் ஹாலிபட் வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வெளியே வந்த நிமிஷமே அதன் ரோமம் விறைத்துப் போனது.

ஒன்பதும் வெளியே வந்ததும் சகேயு கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன செய்யப் போற?"

"வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"பொதைக்கவா? பாறைடா அது."

"பொதைக்கல."

சகேயு அவரைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "எங்கிட்ட கத்தி நல்ல கூர்மையா இருக்கு" என்றார்.

தோலை உரித்துத் தனியாக வைத்தார்கள். இறைச்சியை வெட்டி, நாய் எட்டாத உயரத்தில் இருக்கும் பரண்மேல் அடுக்கினார்கள். நெடுநேரம் பிடித்தது. பிபியானே இரண்டு தடவை காப்பி கொண்டு வந்தாள். பரணை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிற்பகலில் லிஸ்பெத் கூப்பிட்டாள்.

"தோர்கில் எல்லாத்தையும் சொன்னாரு. ரொம்ப வருத்தமா இருக்கு, செவெரின்." போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அவரோட ஆளுங்க எட்டு இல்ல, இப்ப பதினொண்ணாம். எல்லாரும் அந்த நாயப் பாக்கணுங்கறாங்க."

"வண்டி இழுக்க மூணு நாய்தான் இருக்கு."

"அவன் இருக்கான்ல?"

"இருக்கான்."

"அப்ப போதும். தூரமெல்லாம் போக வேண்டாம். கரையோரமா நின்னு நடந்ததைச் சொன்னீங்கன்னாலே போதும்."

"முடியாது."

"கதை சொல்றது உங்களுக்கு என்ன புதுசா? சரி, அப்ப மூட்டை? நாய்களுக்கு என்ன போடுவீங்க?"

"தீனி இருக்கு" என்றார் செவெரின். "ஜூன் வரைக்கும் இருக்கு."

போனை வைத்தார். பிபியானே பின்னலை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்யா, நேத்து அந்த எடத்துல அவன் நெசமாவே தெரிஞ்சுதான் படுத்தானா?"

"தெரியல."

"மீனுக்காகவா?"

"மீன் தீந்துபோச்சுன்னு அவனுக்குத் தெரியாதுல்ல" என்றார். அது எந்தப் பக்கத்துக்கான பதில் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போய்ப் பரணிலிருந்து மூன்று துண்டை இறக்கினார். பலசிக்கு ஒன்று, கயிறு கடிக்கிற இரண்டுக்கும் ஆளுக்கொன்று. மூன்றும் முகர்ந்து பார்த்தன. அவ்வளவுதான். பிறகு, குளிர்காலத்தில் முதல்முறையாக வயிறு நிறையக் கிடைத்த நாய்கள் எப்படித் தின்னுமோ அப்படித் தின்றன. செவெரின் அவை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

பிறகு, ஆளில்லாமல் கிடந்த ஒன்பது சங்கிலிகளின் ஆணிகளையும் பாறையிலிருந்து பிடுங்க உட்கார்ந்தார். இரும்பு குளிரில் இறுகிப் போயிருந்தது. இருட்டுவதற்குள் நான்குதான் வந்தன.